ஃப்ரில் மாஸ்டர் சொந்த வீட்டுக்குத் தைத்தது

கடைவீதியில் அவருடைய பெயரைச் சொல்லிக் கேட்டால் யாரும் உதட்டைப் பிதுக்குவார்கள். ‘ஃப்ரில் மாஸ்டர்’ என்று கேட்டால் டீக்கடைக்காரர்கூடக் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு வழி காட்டுவார். திரைச்சீலை விற்கும் பெரிய கடை ஒன்றின் பின்கட்டில் தையல் மெஷினே கதியாக உட்கார்ந்திருக்கும் மனிதர். ஜன்னல் அளவைச் சொன்னால் அதற்கு இரண்டு பங்கு துணி கேட்பார். “துணி தாராளமா இருந்தாத்தான் அழகா விழும். இழுத்துக் கட்டினா அது திரையில்ல, தட்டி” என்பார். வாடிக்கையாளர் வேண்டாம் என்றாலும் ஓரத்தில் ஒரு சுருக்கு ஃப்ரில் வைத்துவிடுவார். அப்படி வந்த பெயர்தான் அது.

அப்பேர்ப்பட்டவருக்கு அமைந்த ஒரே பிள்ளை, வளைவு என்றாலே முகம் சுளிக்கிறவன். அலுவலகங்களுக்கு மேசை நாற்காலி வடிவமைத்துக் கொடுக்கும் கம்பெனியில் வேலை. எதையும் கோணம் பார்த்தே வைப்பான். சாப்பிட்ட தட்டைக்கூட மேசை விளிம்புக்கு நேராக நகர்த்திவிட்டுத்தான் எழுந்திருப்பான். பள்ளிக்கூடத்தில் வைத்த ‘அடிஸ்கேல்’ என்ற பட்டப்பெயர் கல்யாணத்துக்குப் பிறகும் அவனை விடவில்லை. மனைவியே கோபம் வந்தால் “என்ன அடிஸ்கேல் சார்” என்றுதான் ஆரம்பிப்பாள்.

மாஸ்டரின் மனைவி நோயில் போய்ச் சேர்ந்த பிறகு, மகனும் மருமகளும் வாங்கிய அடுக்குமாடி வீட்டுக்கே அவரும் வந்துவிட்டார். ஹாலை மகன் தன் கையால் வரைந்து செய்வித்திருந்தான். ‘ட’னாவைத் திருப்பிப் போட்டது போலச் சாம்பல் நிற சோபா, சதுரக் கைப்பிடிகளோடு. நடுவில் கண்ணாடி மேசை, அதன் நான்கு முனையும் ஈட்டி. கறுப்பு இரும்பில் கட்டம் கட்டமாக அலமாரி. சுவர் வெள்ளை, தரை விரிப்பு இன்னொரு சாம்பல். அந்த மேசையில் முட்டியை இடித்துக்கொள்ளாதவர்கள் அந்த வீட்டுக்கு விருந்தாளி என்றே சொல்லிக்கொள்ள முடியாது.

குடிவந்த புதிதில் மாஸ்டர் ஆசை ஆசையாக ஒரு திரைச்சீலை தைத்துக்கொண்டு வந்து ஜன்னலில் மாட்டினார். மகன் தூர நின்று பார்த்தான்.

“அப்பா, வேலைப்பாடு பிரமாதம். ஆனா நம்ம ஹாலுக்கு ஒத்து வராது.”

“ஏன்டா?”

“இது ஆடுதுப்பா.”

“ஜன்னலத் திறந்தா ஆடத்தாண்டா செய்யும்!”

“அதான் சொல்றேன். இந்த ஹால்ல எதுவும் ஆடக் கூடாது.”

மருமகள் சிரித்த சிரிப்பில் டீ சோபாமேல் கொட்டியது. அடிஸ்கேல் பதறிக்கொண்டு ஈரத்துணி எடுக்க ஓடினான். மாஸ்டர் திரைச்சீலையைக் கழற்றிக்கொண்டு போய் அந்த வாரமே யாருக்கோ விற்றுவிட்டார். மனதில் ஒரு சுருக் இல்லாமல் இல்லை. ஆனால் அதைச் சாக்காக வைத்துத் தினமும் சாயங்காலம் மகனோடு மல்லுக்கட்டக் கிடைத்ததே, அது அவருக்கு லாபம். “ஆஸ்பத்திரி வராந்தா மாதிரி இருக்குடா” என்று இவர் தொடங்க, “உங்க ஃப்ரில்லப் பாத்தா பாப்பா கவுன் மாதிரி இருக்குப்பா” என்று அவன் முடிப்பான். அப்பாவும் பிள்ளையும் பாசமாகப் பேசிக்கொண்டதாக யாரும் கேட்டதில்லை. சண்டைதான் அவர்களுக்குள் ஓடிய பாசம்.

ஒரு காலையில் அலுவலகத்தில் தலைவலி என்று மேசைமேல் கவிழ்ந்தவன் நிமிரவில்லை. மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். மாஸ்டர் கடையிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது மருமகள் சுவரோரம் நின்றுகொண்டிருந்தாள். வெள்ளைத் துணியைத் தலைவரைக்கும் இழுத்து மூடியிருந்தார்கள்.

வீட்டுக்கு வந்த கூட்டமெல்லாம் கலைந்த பிறகு, மாஸ்டர் சோபாவில் மகன் வழக்கமாக உட்காரும் மூலையைக் கையால் தடவிப் பார்த்தார். எங்காவது ஒரு பள்ளம், ஒரு சுருக்கம், அவன் உட்கார்ந்திருந்ததற்கு ஒரு தடம். ஒன்றும் இல்லை. “இந்த ஃபோம் எத்தனை வருஷம் ஆனாலும் அமுங்காதுப்பா” என்று வாங்கும்போது பெருமையடித்தான். சொன்னபடியே அது அமுங்காமல் இருந்தது.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் இரண்டு பேர். மருமகள் கண் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்த்தாள். நாள் முழுக்க “இந்த எழுத்து தெரியுதா, இது தெரியுதா” என்று கேட்டுவிட்டு வருகிறவள், வீட்டுக்குள் நுழைந்தால் ஹாலைப் பார்க்காமல் தரையைப் பார்த்தபடி தன் அறைக்குப் போய்விடுவாள். “சாப்டீங்களா மாமா?” “ஆச்சும்மா.” இவ்வளவுதான் பேச்சு. அவளுடைய அப்பா அம்மா வந்து கூப்பிட்டுப் பார்த்தார்கள். “மாமா தனியா இருப்பாரு” என்று அனுப்பிவிட்டாள். என்றைக்காவது அவள் கிளம்பத்தான் போகிறாள் என்று மாஸ்டருக்கு உள்ளுக்குள் அடித்துக்கொண்டே இருந்தது. அவளாகச் சொல்லட்டும் என்று வாயைத் திறக்காமல் இருந்தார்.

இரண்டு வருஷம் இப்படியே ஓடியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவள் ஹாலுக்கு வந்து, சோபாவில் உட்காராமல் தரையில் உட்கார்ந்தாள்.

“மாமா, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே?”

“சொல்லும்மா.”

“எங்க சென்டர்ல லென்ஸ் தேய்ச்சுப் பொருத்துறவர் ஒருத்தர் இருக்கார். கல்யாணம் பண்ணிக்கலாமான்னு கேட்டார். நான் பதில் சொல்லல. உங்ககிட்ட சொல்லாம எப்படிச் சொல்றது?”

மாஸ்டர் சட்டையில் ஒட்டியிருந்த நூல் ஒன்றை எடுத்து விரலில் சுற்றினார், பிரித்தார், மறுபடி சுற்றினார்.

“நல்ல மனுஷனா?”

“நல்லவர்தான். கொஞ்சம் அதிகமாப் பேசுவார்.”

“பேசட்டும்மா. இந்த வீட்டுல யாராவது பேசினா நல்லதுதான்.”

சொல்லிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போவதுபோல் அடுக்களைக்குள் போனார். குழாயைத் திறந்துவிட்டு, அது கொட்டுகிற சத்தத்துக்குள் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். வெளியே வந்தபோது முகத்தைக் கழுவியிருந்தார். அவள் முகமும் கழுவினதாகத்தான் இருந்தது.

லென்ஸ்காரர் வீட்டுக்கு வந்தார். பல் டாக்டரைப் பார்க்கக் காத்திருப்பவர்போல சோபாவின் நுனியில் உட்கார்ந்தார். எழுந்திருக்கும்போது முறைப்படி முட்டியை மேசையில் இடித்துக்கொண்டார். வலியை விழுங்கிக்கொண்டு, “சார், நீங்க இங்கதான் இருக்கணும். நீங்க வேற இடத்துக்குப் போறதா இருந்தா நான் வரவே மாட்டேன்” என்றார். மெனக்கெட்டு மனப்பாடம் பண்ணிக்கொண்டு வந்த வாக்கியம் என்று தெரிந்தது. அதனாலேயே மாஸ்டருக்கு அவரைப் பிடித்துப் போயிற்று. பிடித்துப் போனது பிள்ளைக்குத் துரோகம்போலவும் இருந்தது.

அவர் போன பிறகு மருமகள் கதவருகிலேயே நின்றாள்.

“மாமா, இந்த ஹால்ல உக்காந்துக்கிட்டு நான் எப்படி இன்னொருத்தரோட பேசுவேன்? எந்தப் பக்கம் திரும்பினாலும் உங்க பையன்தான் நிக்கிறார்.”

“மாத்திடலாம்மா.”

“வேற கடையில குடுக்கலாம். கேட்டும் பாத்தேன். ஆனா முன்பின் தெரியாதவங்க வந்து அவர் செஞ்சதுமேல கைவைக்கிறத என்னால பாக்க முடியாது. நீங்க தைப்பீங்களா?”

மறுநாள் மாதிரித் துணிகளைக் கட்டாகக் கொண்டுவந்து விரித்தார். அவள் கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவியே தேர்ந்தெடுத்தாள். திரைச்சீலைக்குச் செங்கல் நிறத்தில் முரட்டுப் பருத்தி. சோபா உறைக்கு முற்றிய கோதுமை நிறம். மெத்தைத் தலையணைகளுக்கு இலைப் பச்சை. சதுர விரிப்புக்குப் பதில் வட்டமாக ஒன்று. மேலே எரியும் வெள்ளைக் குழல்விளக்கோடு, மூலையில் துணிக்கூடு போட்டு நிற்கும் ஒரு விளக்கும் வேண்டும் என்றாள்.

அந்த வாரம் மாஸ்டர் மெஷினில் உட்கார்ந்தால் பிள்ளை வந்துவிடுவான். ‘இவ்வளவு துணி எதுக்குப்பா?’ என்பான். ‘விழறதுக்குடா’ என்பார் இவர். ‘கலர் கண்ணைக் குத்துது.’ ‘உன் மேசை முட்டியைக் குத்தலையா?’ மெஷின் நிற்கும்போது அவனும் நின்றுவிடுவான். இத்தனை வருஷம் ஜெயிக்க வேண்டும் என்று வாய் ஓயாமல் போட்ட சண்டையில் இப்போது அவர் பக்கம் தீர்ப்பாகிவிட்டது. எதிர்த்தரப்பு ஆஜராகவில்லை என்பதால் கிடைத்த தீர்ப்பு. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

கடை முதலாளி தைத்ததை எடுத்துப் பார்த்து ஆச்சரியப்பட்டார். “என்ன மாஸ்டர், ஃப்ரில்லைக் காணோம்?”

“இந்த வீட்டுக்கு வேண்டாங்க.”

“யார் வீடு?”

“நம்ம வீடுதான்.”

முதலாளி அதை மடித்து அவர் கையிலேயே கொடுத்தார்.

திரைச்சீலை மாட்டியதில் சிரமம் இல்லை. மேலிருந்து தரைவரை பாரமாக விழுந்தது. வெயில் அதற்குள் புகுந்து வெள்ளைச் சுவரில் சிவப்பாகப் படிந்தது. சோபாவில்தான் சிக்கல் வந்தது. சதுரக் கைப்பிடிகளின்மேல் பஞ்சுத் தாளைச் சுற்றி, முனைகளை உருட்டி, இருக்கைமேலும் பஞ்சு பரப்பி, அதன்மேல் உறையை மாட்ட வேண்டும். பஞ்சு வேலையை முடித்துவிட்டு, உறையை உதறி, மகன் உட்காரும் மூலையிலிருந்து மேலே இழுக்கத் தொடங்கினார். பாதியில் கை நின்றுவிட்டது. ஆஸ்பத்திரியில் இழுத்து மூடியிருந்த துணி கண்முன் வந்தது. முழங்காலிட்டபடி துணியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டே இருந்தார்.

“மாமா?”

“இந்த முனையக் கொஞ்சம் நீ பிடிம்மா. எனக்குக் கை வரல.”

அவள் வந்து எதிர்ப்பக்கம் மண்டியிட்டாள். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், பிள்ளைக்குப் போர்த்துவதுபோல மெதுவாக இழுத்து மூடினார்கள். சுருக்கத்தை அவள் உள்ளங்கையால் நீவிவிட்டாள். நீவ வேண்டிய அளவுக்கு மேலேயும் நீவிக்கொண்டிருந்தாள்.

இரும்பு அலமாரியையும் பச்சைத் துணியால் மறைத்தாயிற்று. மேசையை மட்டும் எந்தத் துணியாலும் மென்மையாக்க முடியாது. அதை மகனோடு வேலை பார்த்த நண்பர் ஒருவர் கேட்டு வாங்கிக்கொண்டார். லென்ஸ்காரரும் மாஸ்டரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துப் படியிறக்கினார்கள். நடுவில் மூச்சு வாங்க நின்றபோது லென்ஸ்காரர் கண்ணாடியின் அடியில் குனிந்து பார்த்தார்.

“இத அவர்தான் வரைஞ்சாரா சார்?”

“ஆமா.”

“ஒரு ஆணிகூட வெளிய தெரியல. அருமையான வேலை. நம்ம முட்டிக்குத்தான் ஆகல.”

மாஸ்டர் தன்னையறியாமல் சிரித்துவிட்டார். சிரித்த வாயை மூடிக்கொண்டு மிச்சப் படிகளை இறங்கினார். கீழே வண்டியில் ஏற்றும்போது மேசையின் முனை அவர் தொடையில் ஆழமாக இடித்தது. சொல்லவில்லை. பச்சையாகக் கன்றிப்போனதைக் குளிக்கும்போதெல்லாம் அழுத்திப் பார்த்துக்கொண்டார். ஒருநாள் அழுத்தியபோது வலிக்கவில்லை.

பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டுக் கல்யாணம் முடிந்தது. சாயங்காலம் நாலு பேரை வீட்டுக்கு அழைத்திருந்தார்கள். மூலை விளக்கின் மஞ்சள் வெளிச்சத்தில் ஹால் நிறைய ஆட்கள். முன்பெல்லாம் விறைத்துக்கொண்டு உட்கார்ந்தவர்கள் இப்போது சாய்ந்து, காலை மடக்கி, தலையணையை மடியில் வைத்துக்கொண்டு பேசினார்கள். “வீடுன்னா இப்படி இருக்கணும்” என்றார்கள். “யார் பண்ணினது?” என்று கேட்டவர்களிடமெல்லாம் “எங்க மாமா” என்றாள் மருமகள்.

லென்ஸ்காரரின் தூரத்து உறவினர் ஒரு பெரியவர், மாஸ்டர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அந்த வீட்டின் கதை எதுவும் தெரியாதவர். புது மாப்பிள்ளையைக் கண்ணால் காட்டினார்.

“பையனுக்கு இவ்வளவு பாத்துப் பாத்துப் பண்ணியிருக்கீங்க. உங்க பையன் குடுத்துவெச்சவன்ங்க.”

மாஸ்டர் கையிலிருந்த டீயைப் பார்த்தார். திருத்தலாம். திருத்தினால் அந்தப் பெரியவர் பதறுவார், நாலு பேர் திரும்புவார்கள், மருமகளின் முகம் மாறும்.

“ஆமாங்க” என்றார். “நல்ல பையன்.”

தண்ணீர்த் தட்டோடு வந்துகொண்டிருந்த மருமகளின் காதில் அது விழுந்துவிட்டது. தட்டை யார் கையிலோ கொடுத்துவிட்டு அப்படியே நின்றாள்.

எல்லோரும் கிளம்பினார்கள். லென்ஸ்காரர் பெரியவர்களை வண்டியேற்றிவிடக் கீழே போனார். அவள் வந்து மாஸ்டர் பக்கத்தில் உட்கார்ந்தாள். புதுப் பஞ்சு இரண்டு பேர் பாரத்தையும் வாங்கிக்கொண்டு கொஞ்சம் தாழ்ந்தது.

“ஏன் மாமா ஆமான்னு சொன்னீங்க?”

“வேற என்னம்மா சொல்லச் சொல்ற?”

“இல்லேன்னு சொல்லியிருக்கலாம். என் பையன் வேற, அவன் இப்ப இல்லேன்னு...”

“சொல்லணும்னுதான் வாயத் திறந்தேன். அவன் பேரு வரல. கல்யாண வீட்டுல அந்தப் பேரச் சொல்ல நாக்கு எழும்பல.” அவர் சோபாவின் உருண்ட கைப்பிடியைத் தடவினார். “அவன் போட்ட கோடு ஒண்ணு பாக்கியில்லாம நானே அழிச்சுட்டேனேம்மா.”

“நான்தான அழிக்கச் சொன்னேன்” என்றாள் அவள்.

அடக்கிவைத்த அழுகை அப்போதுதான் அந்த ஹாலில் வெளியே வந்தது. ஆஸ்பத்திரியில் வராதது, கூட்டம் கலைந்த அன்றைக்கு வராதது, குழாய்ச் சத்தத்துக்குள் ஒளித்துவைத்தது எல்லாம். அவள் அவர் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அவர் ஒரு கையால் அவள் தலையைத் தடவினார். இன்னொரு கையால் தன் கண்ணை. லென்ஸ்காரர் மேலே வந்து வாசலில் செருப்பைக் கழற்றினவர், உள்ளே பார்த்துவிட்டு மறுபடி செருப்பை மாட்டிக்கொண்டு, சத்தம் செய்யாமல் படியிறங்கிப் போனார்.

மாஸ்டர் கடைசிவரைக்கும் அந்த வீட்டில்தான் இருந்தார். லென்ஸ்காரர் சொன்னபடி நிறையப் பேசினார், மாஸ்டரும் சலிக்காமல் கேட்டுக்கொண்டார். ஆனால் யாரோடும் அவர் அதற்குப் பிறகு சண்டை போட்டதில்லை. எதைச் சொன்னாலும் “சரிப்பா” என்பார். சாயங்காலம் கடையிலிருந்து வந்ததும் ஹாலில் அரை மணி நேரம் உட்காருவார். ஒருநாள் மருமகள், “வசதியா இருக்கா மாமா?” என்று கேட்டாள்.

“ரொம்ப வசதியா இருக்கும்மா” என்றார். அதைச் சொல்லும்போது அவர் குரலில் மகன் இல்லாத குறை இருந்ததை அவள் மட்டும் கேட்டாள். விளக்கைப் போட்டுவிட்டு, அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.