கறவைக்கு வேறு ஆள்

கன்றை இரண்டு வாய் ஊட்டவிட்டு இழுத்துக் கட்டியதும், குப்பு பசுவின் வயிற்றில் நெற்றியை முட்டுக்கொடுத்துக்கொள்வாள். கண்ணை மூடிக்கொண்டுதான் கறப்பாள். செம்பு முழங்கால் இடுக்கில் அசையாமல் நிற்கும். மனிதர்களிடம் பேசுவதைவிட மாட்டிடம் அதிகம் பேசுவாள். "நில்லுடி, இன்னா அவசரம்? வில்லியனூர் சந்தைக்கா போவப் போற?"

நான் பாகூரில் சிவப்பிரகாசம் வீட்டு முன்னறையில் குடியிருக்கும் பள்ளிக்கூட வாத்தியார். தினமும் பாலுக்காகக் கொட்டகை வாசலில் நிற்பதால் இவ்வளவும் தெரியும். நுரையை ஊதி ஒதுக்கிவிட்டுத்தான் பால் அளப்பாள். காம்பில் பட்டுவிடக் கூடாதென்று விரல் நகத்தைக் கல்லில் தேய்த்து மழுங்க வைத்திருப்பாள். வெற்றிலை போட மாட்டாள். "மாட்டுக்கு அந்த வாட ஆவாது வாத்தியாரே."

ஐப்பசியிலிருந்து செம்பு இடுக்கில் நிற்கவில்லை, வயிறு இடித்தது. ஒருக்களித்து உட்கார்ந்து பார்த்தாள். வீட்டு முதலாளியம்மா தாயாரம்மாள் கொட்டகைப் பக்கம் வந்தால், மாட்டைத் தேய்ப்பவள்போல அந்தப் பக்கம் நழுவிவிடுவாள்.

"சொல்லிட வேண்டியதுதானே குப்பு?" என்றேன்.

"ஐயோ, வாயத் தொறந்துடாதீங்க. நா இந்த வூட்டுக்கு வந்ததே அப்பிடித்தான."

ஏழு வருஷத்துக்கு முன் இந்தக் கொட்டகையில் கறந்தவள் வேலம்மாள். அவள் பிரசவத்துக்குச் சோரியாங்குப்பத்துத் தாய் வீட்டுக்குப் போனபோது, மூன்று மாதத்துக்கென்று வந்தவள் குப்பு. கைக்குழந்தையோடு வேலம்மாள் திரும்பி வந்தாள், மாடு உதைத்தது. "அது ஒன்ன மறந்துட்டுதுடி" என்றாள் தாயாரம்மாள், அவ்வளவுதான். அன்றிலிருந்து வேலம்மாள் நாற்று நடப் போகிறாள். அவள் தெருவில் எதிரே வந்தால் குப்பு வேறு சந்தில் திரும்பிவிடுவாள். குப்புவின் புருஷன் சம்மந்தம் இருமலோடு படுத்திருக்கிறான். இந்த வேலையில் வரும் நெல்தான் அந்த வீட்டுச் சோறு.

புதுச்சேரி ஆலைகளில் பிள்ளை பெறும் பெண்களுக்கு விடுப்பு கொடுக்கச் சட்டம் வந்திருப்பதாக இந்த வருஷம் பேச்சு. பெரிய உபகாரம் செய்கிற நினைப்பில் அதைக் குப்புவிடம் சொன்னேன். "அந்தச் சட்டம் மாட்டுக்குத் தெரியுமா?" என்றாள்.

கார்த்திகையில் ஒரு காலை, பால் குடத்தை இறக்கி வைத்துவிட்டு நகராமல் நின்றாள். தூணைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா... நா முழுவாம இருக்கேன்."

"ஏழு மாசத்து வயித்தப் பாத்தா தெரியாதா? எங் கண்ணு இன்னா பொட்டையா?" என்றாள் தாயாரம்மாள். "தையிலேந்து ஆளு வேணும். யார வுட்டுட்டுப் போவ?"

"எங்க நாத்தனா கஸ்தூரி இருக்குதும்மா. நானே பழக்கி வுட்டுட்டுப் போறேன்."

ஊரில் எத்தனையோ பேர் இருக்கக் கஸ்தூரி எதற்கு? கரும்பு வெட்டிக் காய்த்துப்போன கை அவளுடையது. அந்தக் கைக்கு மாடு பழகாது, மூன்று மாதமும் தன்னையே தேடும் என்று குப்பு நினைத்துக்கொண்டாள். நான் அவளைக் குற்றம் சொல்ல மாட்டேன். பயந்தவள் இப்படித்தான் யோசிப்பாள்.

நான்காம் நாளே விபரீதமாயிற்று. கஸ்தூரி காம்பைப் பிடித்து இழுத்த இழுப்பில் பசு பாலை அடக்கிக்கொண்டது. மடி கல்லாக இறுகிவிட்டது. குப்பு வெந்நீர் ஒற்றி, விளக்கெண்ணெய் தடவி, அழுதுகொண்டே கொஞ்சம் கொஞ்சமாகப் பீய்ச்சினாள். "எந் தப்புடி, எந் தப்புதான்" என்று மாட்டிடம் முனகினாள்.

தாயாரம்மாள் கத்தவில்லை. "வேலம்மாள வரச் சொல்லு. அவளுக்குத்தான் நம்ம மாட்டு வாகு தெரியும்" என்றாள், கடையில் உப்பு வாங்கி வரச் சொல்வதுபோல.

மடி தேறியதும் வேலம்மாள் வந்தாள். இந்தப் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு: கறவைக்குப் புதிதாக வருகிறவள், பழையவள் உடுத்திய சேலையைத் துவைக்காமல் வாங்கிக் கட்டிக்கொண்டு உட்காருவாள். வாசனை பழகியதாக இருந்தால் மாடு பாலை இறக்கிவிடும். கஸ்தூரிக்குக் குப்பு அதைக் கொடுத்திருக்கவில்லை. குப்பு உள்ளே போய் மாற்று உடுத்திக்கொண்டு, பால் வாடை அடிக்கும் தன் சேலையை எடுத்து வந்து நீட்டினாள்.

"மூணு மாசத்துக்குத்தானேக்கா?"

"அன்னிக்கு நானும் ஒங்கிட்ட இதயேதான்டி கேட்டேன்" என்றாள் வேலம்மாள். அவள் குரலில் கோபம் இல்லை.

உள்ளே கன்று கத்தியது. வேலம்மாள் சேலையின் ஒரு முனையைப் பிடித்து இழுத்தாள். வரவில்லை. மறுமுனையைக் குப்பு தன் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிப் பிடித்திருந்தாள்.