வெள்ளையில் எழுதிய சேதி

ஓடிப்போனாளாம்! ஒரு பொம்பளையின் காலை முடமாக்கிவிட்டுப் புருஷனையும் விட்டு ஓடினாளாம். ஓடுகிறவள் கையில் பெட்டி இருந்ததா, துணிமூட்டை இருந்ததா? பார்த்தவர் யாராவது வந்து சொல்லட்டும். இந்தத் தெருவின் வாயை மூட முடியாது. ஆனாலும் நடந்ததைச் சொல்லாமல் விடுவதாகவும் இல்லை.

அவள் தையல்காரி. கடை வாசலில் ஒரு கரும்பலகை வைத்திருந்தாள். எந்தச் சேதியும் முதலில் அதில்தான் ஏறும். தண்ணீர் வரும் நேரம் வெள்ளையில், பள்ளிக்கூடச் சேதி மஞ்சளில், சாவோ ஆபத்தோ என்றால் சிவப்பில். தெருவில் பாதிப் பேருக்கு எழுத்து தெரியாது, நிறம் தெரியும். சிவப்பைக் கண்டால் நின்று, படித்தவர் யாரையாவது பிடித்துக் கேட்பார்கள். வெள்ளை என்றால் குடத்தைத் தூக்கிக்கொண்டு நடையைக் கட்டுவார்கள்.

தெருக்கோடியில் இருந்த ஆலையின் கழிவுநீர்த் தொட்டிச் சுவர் விரிசல் விட்டது. அதன் அடியில்தான் குழாயடி. சேதியைக் கொண்டுவந்தவன் அவள் புருஷன். ஆலை வாசலில் காவல் வேலை. பின்னாலேயே மேலாளர் வந்து நின்றார்.

"எழுதுங்கம்மா, வேண்டாங்கல. அந்தச் சிவப்பு மட்டும் வேண்டாம், ஜனம் மிரண்டுடும்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். படி இறங்கும்போது, "உங்க வீட்டுக்காரர் நம்ம கேட்லதானே நிக்கிறார்?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

எந்த நிறமானால் என்ன, எழுத்து எழுத்துதானே என்று நினைத்தாள். 'சுவர்ப் பக்கம் போகாதீர்கள்' என்று வெள்ளையில் எழுதினாள். படிக்கத் தெரிந்தவளுக்கு மட்டுமே வரக்கூடிய புத்தி அது.

மறுநாள் காலை இஸ்திரிக்காரம்மா வெள்ளையைப் பார்த்தாள், குடத்தோடு போனாள். சுவரின் ஒரு துண்டு அவள் பாதத்தில் விழுந்தது.

"வெள்ளையாத்தானே இருந்துச்சுக்கா?" என்று, பார்க்கப் போன தையல்காரியிடம் படுக்கையில் கிடந்தபடி கேட்டாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை. அந்தக் கேள்வி முள்ளாகத் தைத்துக்கொண்டது.

பத்தாம் நாள் சுவருக்குப் புதுப் பூச்சு பூசினார்கள். அவள் போய் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். பூச்சு ஈரமாக இருந்தது; நடுவில் உப்பியிருந்தது. காதை வைத்தால் உள்ளே ஏதோ மெல்ல நகர்கிற சத்தம்.

திரும்பி வந்தபோது பலகையில் வெள்ளை எழுத்து. 'சுவர் சரியாகிவிட்டது. குழாயடிக்கு வரலாம்.' புருஷனின் கோணல் கையெழுத்து.

"நானே எழுதிட்டேன். உனக்கு எதுக்கு வம்பு?" என்றான்.

அவள் பலகையைத் துடைத்தாள். சிவப்பு சாக்பீஸ் டப்பாவை எடுத்து இடுப்பில் செருகினாள்.

"எங்கடி கிளம்பிட்ட?"

"வெள்ளையைப் பார்த்தவங்க பார்த்துட்டாங்க. இனி பலகை போதாது. கதவு கதவா சிவப்புக் கோடு போடப் போறேன்."

"என் வேலை போயிடும்! வாசலைத் தாண்டினா திரும்பி வராதே, சொல்லிட்டேன்."

"சரி. மெஷின்மேல ஊசி கிடக்கு, கையை வச்சுடாதீங்க."

செருப்பை மாட்டிக்கொண்டு படி இறங்கினாள். குழாயடிப் பக்கமிருந்து அதற்குள் குடங்களின் சத்தம் வரத் தொடங்கியிருந்தது.