கேள்விக்குப் பத்துக்குப் பத்து

1972 ஆவணி மாதம், வெள்ளிக்கிழமை மாலை நாலே முக்காலுக்கு, மாப்பிள்ளை தன் பெற்றோருடன் செவிலிமேட்டில் எங்கள் பக்கத்து வீட்டுக்குப் பெண் பார்க்க வந்தார். ஒல்லி உடம்பு, தடித்த கண்ணாடி. சென்னையில் பல்கலைக்கழகத்தில் தேர்வு மதிப்பீடு படித்துக்கொண்டிருந்தார். எதற்கும் மதிப்பெண் போடுவது அவர் வழக்கம். பஜ்ஜியைக் கடித்துவிட்டு, "பத்துக்கு ஆறரை. உப்புக்கு அரை மார்க் குறைச்சிருக்கேன்" என்றார்.

பெண்ணின் வாய்க்குப் பயந்து ஏற்கெனவே மூன்று வரன்கள் ஓடியிருந்தன. பட்டு நெசவாளியான அவள் அப்பா பயந்து பயந்துதான் பேசினார்.

"இன்னா படிப்புங்க தம்பி அது?"

"பரீட்சைக் கேள்வி சரியா இருக்குதான்னு சோதிக்கிறதுங்க."

"பரீட்சைக்கே பரீட்சையா!"

கதவருகே நின்ற பெண் நேராகவே கேட்டாள்: "இதப் படிச்சா இன்னா வேல கெடைக்கும்?"

அம்மா அவளைக் கிள்ளினாள். அவரோ நிமிர்ந்து உட்கார்ந்து, குறிப்பேட்டை எடுத்து அதை எழுதிக்கொண்டார்.

"அருமையான கேள்விங்க. சுத்தி வளைக்கல. ஒரே விஷயத்த கேக்குது. படிச்சவன் கூட திணறுவான். பத்துக்குப் பத்து!"

பெண்ணின் முகம் மலர்ந்தது. "இத்தினி நாளா வாயாடின்னுதான் சொல்லிக்கினு இருந்தாங்க. இவரையே முடிச்சிடுப்பா."

உடனே தட்டு மாற்றினார்கள். அந்தக் கேள்விக்கு அவர் பதிலே சொல்லவில்லை என்பது, அவர்கள் பஸ் கிளம்பி ஆறு நிமிடம் கழித்துத்தான் எங்களுக்கு உறைத்தது.