அக்கா பிடிக்கச் சொன்ன பாவு

எங்கள் தெருவில் குடியிருந்த தலைவருக்கு நூற்றாண்டு விழா எடுக்கிறார்கள். விழா மலரில் போட, அவர் மனைவியைப் பற்றி நான் எழுதியது போல ஒரு பக்கத்தை அவர்களே எழுதி எடுத்து வந்தார்கள். அந்த அக்காவின் பக்கத்து வீட்டில் பதினெட்டு வருசம் இருந்தவள் நான்.

"நீங்க படிச்சுச் செரமப்பட வேண்டாங்கம்மா. கீழ ஒரு கையெழுத்துப் போட்டாப் போதுங்க" என்றார் விழாக்குழுக்காரர்.

மூன்றாம் வகுப்போடு நின்றவள்தான். ஆனாலும் படிக்காமல் கையெழுத்துப் போடுகிறவள் இல்லை. எழுத்துக் கூட்டிக் கூட்டிப் படித்தேன். அவருக்குக் கொடுத்த காப்பி ஆறி ஆடை கட்டிவிட்டது.

'அதிர்ந்து பேசாதவர். கணவரின் நிழலாக வாழ்ந்தவர். எத்தனை தொண்டர்கள் வந்தாலும் முகம் கோணாமல் சோறு போட்ட அன்னபூரணி.'

யாரைச் சொல்கிறார்கள் இவர்கள்? எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

அக்கா பேசினால் தெருக்கோடியில் படுத்திருக்கிற நாய் எழுந்து உட்காரும். தலைவர் ஜெயிலில் இருந்த காலமெல்லாம் இரண்டு தறியை ஓட்டி மூன்று பிள்ளைகளை வளர்த்தது அக்காதான்.

ஒருநாள் காலையில் தெருவில் பாவு நீட்டிக் கஞ்சி போட்டுக்கொண்டிருந்தோம். தறியில் ஏற்றுவதற்கு முன் நூலுக்குக் கஞ்சி பூசி, வெயில் ஏறுவதற்குள் உருவி உலர்த்தியாக வேண்டும். இல்லாவிட்டால் இழை ஒன்றோடொன்று ஒட்டிப் பாவே பாழ். அந்த நேரத்தில் தலைவர் ஏழெட்டுப் பேரோடு வந்து நின்றார்.

"ஏ புள்ள, எல்லாரும் பசியா வந்திருக்காங்க. அடுப்பப் பத்த வையி."

அக்கா கையிலிருந்த பிரஷைக் கீழே வைக்கவில்லை.

"ஏனுங்க, மேடையில பாட்டாளி பாட்டாளின்னு பேசறீங்கல்லோ? வேட்டிய மடிச்சுக் கட்டிட்டு அந்தக் கோடியப் புடிங்க. பாவு காஞ்சாத்தான் அடுப்பு."

கூட வந்தவர் ஒருவர் சிரித்தார்.

"நீங்க என்னங்க பல்லக் காட்டறீங்க? அங்க ஆள் பத்தல, போங்க."

போனார்கள். தலைவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு எனக்கு எதிரே நின்று பாவை இழுத்துப் பிடித்தார். பிடி கொஞ்சம் தளர்ந்தாலும் அக்கா விடவில்லை. "பேச்சுல இருக்கற தெம்பு கையில காணமே!" அவரே சிரித்துவிட்டார். பாவு காய்ந்த பிறகுதான் ராகிக் களியும் கீரைக் கடைசலும் கிடைத்தது. தின்ற தட்டை அவரவரே கழுவி வைத்தார்கள்.

இந்தக் கதையைச் சொல்லி, இதைப் போடுங்கள் என்றேன். விழாக்குழுக்காரர் நெளிந்தார்.

"அதெல்லாம் போட்டாத் தலைவருக்கு மரியாதையா இருக்காதுங்கம்மா."

"பாவு புடிச்சவரே மரியாத கொறஞ்சதா நெனைக்கல. உங்களுக்கு எங்க வலிக்குது சாமி?"

அவருடைய பேனாவை மூடி அவர் சட்டைப் பையிலேயே செருகிவிட்டேன். வெள்ளிக்கிழமை மலர் அச்சுக்குப் போகிறதாம். என் கையெழுத்து இல்லாவிட்டால் அக்காவைப் பற்றி ஒரு வரிகூட இருக்காது என்று பயமுறுத்திவிட்டுப் போனார்.

அக்காவைப் பற்றி ஒன்றுமே இல்லாமல் ஒரு மலரா? மூன்று நாளாக உட்கார்ந்து இதை நானே எழுதினேன். இன்று வியாழக்கிழமை. ராசிபுரம் பஸ்ஸில் ஏறி, அச்சகத்தில் நானே கொடுக்கப் போகிறேன். கீழே கையெழுத்தும் போட்டிருக்கிறேன். எழுத்தில் பிழை இருந்தால் திருத்தட்டும். தலைவர் பாவு பிடித்ததை மட்டும் எடுக்கக் கூடாது.