டெஸ்ட் பண்ணிய பம்ப்

காலையிலிருந்து சேலையூரில் கரண்ட் இல்லை. வீட்டு மீன் தொட்டியில் காற்று பம்ப் நின்றுவிட்டது. பேட்டரியில் ஓடும் பம்ப் ஒன்று வாங்க, கேம்ப் ரோட்டில் இருக்கும் வளர்ப்பு மீன் கடைக்கு ஓடினேன்.

அங்கேயும் கரண்ட் இல்லை. கடைக்கார பாய் ஒவ்வொரு தொட்டியாகப் போய், மீனுக்குக் காற்று கிடைக்க, மக்கில் தண்ணீரை மொண்டு மொண்டு அதிலேயே ஊற்றிக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் அலமாரி நிறைய பேட்டரி பம்ப் பெட்டிகள்.

"அதுல ஒண்ணை எடுத்து மாட்டலாமே, பாய்?"

"பிரிச்ச பெட்டிய யாரு சார் வாங்குவாங்க?"

நியாயம்தான். ஒன்று வாங்கினேன். பணம் கைக்கு வந்ததும் அவரே பெட்டியைப் பிரித்து, பேட்டரி போட்டு, ட்யூபைத் தன் தொட்டியில் இறக்கினார்.

"டெஸ்ட் பண்ணாம குடுக்க மாட்டோம் சார்."

குமிழி ஜோராக வந்தது.

"அதான் ஓடுதே, குடுங்க பாய்."

"கொஞ்ச நேரம் ஓடட்டும் சார். சில பீஸ் ஓடிட்டு நின்னுரும்."

சொல்லிக்கொண்டே அடுத்த தொட்டிக்கு மாற்றினார். அப்புறம் அதற்கடுத்தது.

வீட்டிலிருந்து மனைவி போன் செய்தாள். "மீனெல்லாம் மேல வந்து வாயைத் தொறந்து தொறந்து மூடுது. சொம்புல மொண்டு ஊத்தி எனக்குக் கையே விட்டுப்போச்சு. எங்கங்க இருக்கீங்க?"

"டெஸ்ட் பண்றாங்கம்மா."

ஏழாவது தொட்டியில் டெஸ்ட் முடியவும் கரண்ட் வரவும் சரியாக இருந்தது. பாய் பம்பைத் துடைத்துப் பெட்டியில் வைத்துக் கொடுத்தார்.

"நல்ல பீஸ் சார். பேட்டரி மட்டும் புதுசு போட்டுக்குங்க."

மீன்கள் நலம். மனைவிக்குத்தான் கை வலி.

தாம்பரம் பக்கம் யாருக்காவது பம்ப் தேவைப்பட்டால் சொல்லுங்கள். ஏழு தொட்டியில் ஓட்டிப் பார்த்தது. இன்னும் ஓடாதது எங்கள் தொட்டியில் மட்டும்தான்.