எங்களுக்குத் தெரிந்த என்சைம்

இருமல் வந்தபோது தீவனத் தூசி என்றுதான் நினைத்தேன். எருமப்பட்டிப் பக்கம் எங்களுக்கு முட்டைக்கோழிப் பண்ணை. மூன்று மாதமாகியும் இருமல் அடங்கவில்லை; நாலு படி ஏறினால் மூச்சு முட்டியது. சேலத்தில் பயாப்சி (கட்டியிலிருந்து சிறு துணுக்கு எடுத்துச் சோதிப்பது) செய்து, நுரையீரல் புற்றுநோய் என்றார்கள். பார்க்க வந்தவர்களெல்லாம் "ஊட்ல யாருங்க பீடி குடிக்கிறது?" என்று கேட்டபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எங்கள் வீட்டில் யாரும் தொட்டதில்லை.

துணுக்கை மரபணுச் சோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வரும்வரை ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. கழுவிய பாத்திரத்தையே திரும்பக் கழுவினேன். நீங்களும் இப்போது அப்படிக் காத்திருந்தால், அது பைத்தியம் இல்லை என்று மட்டும் சொல்கிறேன்.

கட்டியை வளர்ப்பது ஒரு நொதி (உடலுக்குள் ஒரு வேலையை முடுக்கிவிடும் புரதம்) என்று தெரிந்தது. அதைத் தடுக்க தினம் ஒரு மாத்திரை.

"என்சைம்னு சொல்வாங்களே, அதும்மா," என்றார் டாக்டரம்மா.

என் கணவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். கோழித் தீவனத்தில் நாங்கள் பாக்கெட் பிரித்துக் கலக்கும் சாமான் ஆயிற்றே!

இரண்டு வாரத்தில் இருமல் குறைந்தது. ஆனால் முகமெல்லாம் பரு, ஓயாத வயிற்றுப்போக்கு.

"கோழிக்கு என்சைம் கொறஞ்சா எச்சம் தண்ணியாப் போகுதில்ல? அதே கதைதான் புள்ள. அதைப் போயி நிறுத்தச் சொல்றாங்களே, உன்ற வயிறு எப்படித் தாங்கும்?" என்றார் இவர்.

நானும் தலையாட்டினேன். பழியை அவர்மேல் மட்டும் போட மாட்டேன்; கக்கூசுக்கு ஓடி ஓடி அலுத்திருந்தேன். பதினோரு நாள் மாத்திரையைத் தொடவில்லை. வயிற்றுப்போக்கு நின்றது. பன்னிரண்டாம் நாள் இருமல் திரும்பியது. அன்றே டாக்டரம்மாவிடம் ஓடினோம்.

டாக்டரம்மா கோபத்தை அடக்கிக்கொண்டது தெரிந்தது. "உடம்புல ஆயிரக்கணக்கான என்சைம் இருக்கும்மா. கோழிக்குக் கொடுக்கிறது தீனியைச் செரிக்க வைக்கும். இது செல்லை 'வளரு, வளரு'ன்னு விரட்டுறது. உங்க கட்டியில அந்த சுவிட்ச் அணையாம நின்னுபோச்சு. குடலுக்கும் தோலுக்கும் அதே என்சைம் கொஞ்சம் வேணும், அதான் இந்தப் போக்கும் பருவும். அதுக்கு மருந்து தர்றேன். என்னைக் கேக்காம நிறுத்தாதீங்க."

"அப்ப நான் சொன்னது பாதி சரிதானுங்க," என்றார் இவர். டாக்டரம்மா சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுபடி தொடங்கினேன். அடுத்த ஸ்கேனில் கட்டி பாதியாகச் சுருங்கியிருந்தது.

"இந்த மாத்திர எத்தன நாளைக்குங்க கேக்கும்?" என்றேன்.

"சொல்ல முடியாதும்மா. கட்டி வேற வழி கண்டுபிடிச்சா, திரும்பச் சோதிச்சு வேற மருந்து பார்க்கலாம்."

அன்றிலிருந்து ஒரு தும்மல் வந்தாலும் நெஞ்சுக்குள் காது வைத்துக் கேட்கிறேன். மூன்று மாதத்துக்கு ஒரு ஸ்கேன். அதைத் தாண்டி எதையும் யோசிக்க மனம் துணிவதில்லை.

போன வாரம் குஞ்சுப் பண்ணையிலிருந்து, குஞ்சு அனுப்பட்டுமா என்று போன் வந்தது. எங்கள் ஷெட் ஒன்று காலியாகக் கிடக்கிறது. குஞ்சு இறக்கினால் எண்பது வாரம் வளர்க்க வேண்டும். குஞ்சு பார்ப்பது எப்போதும் என் வேலை. இவர் போனைக் கையால் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"என்ன சொல்லட்டும் சாமி?"

"எறக்கச் சொல்லுங்க."

அவர் பேசி முடித்து வெளியே போன பிறகு விரல்விட்டு எண்ணினேன். எண்பது வாரத்துக்குள் ஆறு ஸ்கேன் வருகிறது.