சனிக்கிழமைக் கூட்டமும் எட்டாம் வகுப்பு பி பிரிவும்

டீச்சரைப் பற்றி நாலு வரி எழுதச் சொன்னால் யாராக இருந்தாலும் "தன்னம்பிக்கை" என்றுதான் ஆரம்பிப்பார்கள். எனக்கு அந்த வார்த்தையைக் கேட்டாலே தலை வலிக்கும். தலைவலி என் விஷயத்தில் சாதாரணமில்லை. அப்படி ஆரம்பித்ததுதான் மண்டையைத் திறந்து எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு கட்டியை வெளியே எடுப்பதில் போய் முடிந்தது. ஆகவே டீச்சரின் தன்னம்பிக்கையை மற்றவர்களுக்கு விட்டுவிடுகிறேன். அவருடைய பிடிவாதத்தையும் சுயநலத்தையும் சொல்கிறேன். இரண்டும் எனக்குப் பிடித்தவை.

நான் முடிதிருத்துகிறவன். இருபத்தெட்டு வருஷம் அடுத்தவர் தலையில் கைவைத்துப் பிழைத்தேன். என் தலையில் ஒருவர் கைவைத்த பிறகு இடது கை சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. கடையைத் தம்பி பார்க்கிறான். நான் ஓரமாக உட்கார்ந்து அவன் வெட்டுவதில் குறை சொல்கிறேன். பழைய வாடிக்கையாளர்கள் என்னைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "பாவம், எப்படி இருந்த மனுஷன்" என்பார்கள். கட்டி இருந்தது மூளையில், காதில் இல்லை.

எங்களைப் போல மூளைக்கட்டியிலிருந்து பிழைத்தவர்களுக்கென்று ஆஸ்பத்திரியில் ஒரு சங்கம் உண்டு. சனிக்கிழமை காலை பத்து மணி, எக்ஸ்ரே அறைக்குப் பின்னால் ஒரு நீளமான அறை. பிளாஸ்டிக் நாற்காலிகள், யாரும் ஏறாத எடை மெஷின், குறுக்கே வெட்டிய மூளையின் படம் ஒன்று. ஆலோசகர் அம்மா வாசலிலேயே நின்று ஆளுக்கொரு பேட்ஜ் குத்திவிடுவார். அதில் "போராளி" என்று இருக்கும். நான் யாருடனும் போராடவில்லை. ஊசி போட்டுப் படுக்கவைத்தார்கள். கண் விழித்தபோது தலையில் பதினேழு தையல். போராடியது டாக்டர், பட்டம் எனக்கு.

ஆலோசகர் அம்மா தங்கமான மனுஷி. ஒரே குறை, எங்களிடம் சத்தமாகவும் மெதுவாகவும் பேசுவார், பால்குடி மாறாத பிள்ளைகளிடம் பேசுவதைப் போல. "இன்னைக்கு... என்ன... கிழமை?" என்று கேட்பார். சனிக்கிழமை மட்டுமே கூடுகிற கூட்டத்தில் இந்தக் கேள்விக்குப் பதில் சொன்னதற்கு எத்தனையோ முறை கைதட்டல் வாங்கியிருக்கிறேன்.

இந்த அறைக்குத்தான் டீச்சர் வந்து சேர்ந்தார். இருபத்திரண்டு வருஷம் எட்டாம் வகுப்புக்குப் புவியியல் நடத்தியவர். பருவக்காற்றுக்குப் பலகையில் அம்புக்குறி போட்டுக்கொண்டிருந்தபோதே மயங்கி விழுந்தவர். அறுவை சிகிச்சை, கதிர்வீச்சு எல்லாம் முடிந்து எழுந்தார். இப்போது நடை சரி, பேச்சு சரி. பெயர்ச்சொற்கள் மட்டும் சில நேரம் கைக்கு அகப்படாமல் ஓடிவிடும். ஜன்னலை "அந்தக் காத்து வர்ற இடம்" என்பார். சொல்லிவிட்டு எங்களை முறைப்பார், ஏதோ நாங்கள் அதை ஒளித்துவைத்ததைப் போல.

பள்ளிக்கூடத்தில் அவரை மறுபடி சேர்த்துக்கொண்டார்கள், நூலகத்தில். அலமாரிக்குப் பூட்டு, சாவி குமாஸ்தாவிடம். டீச்சருடைய வேலை, பூகோள உருண்டையைத் துடைப்பது. டாக்டர் மூன்று முறை சான்றிதழ் கொடுத்துவிட்டார். பள்ளியின் தாளாளர் ஒவ்வொரு முறையும் அதைப் படித்துவிட்டு, டீச்சருடைய நெற்றித் தழும்பைப் பார்த்துவிட்டு, "முதல்ல உடம்பப் பாத்துக்குங்க டீச்சர்" என்பாராம். டீச்சர் உடம்பைப் பார்க்க அங்கே போகவில்லை. அவருக்கு வேண்டியது எட்டாம் வகுப்பு.

அதனால்தான் எங்கள் கூட்டத்தில் புத்தகம் படித்துப் பேசும் பழக்கத்தை ஆரம்பித்தார். "சேவை மனப்பான்மை!" என்று ஆலோசகர் அம்மா நெகிழ்ந்தார். டீச்சர் என்னிடம் உண்மையைச் சொன்னார்.

"அண்ணே, நான் சேவை செய்ய வரல. நாப்பது நிமிஷம் நாலு பேர உக்கார வச்சு என்னால நடத்த முடியுதான்னு எனக்கே தெரியணும். அதுக்கு ஆளு வேணும்ல? நீங்கதான் ஆளு."

"அப்போ நாங்க சோதனை எலியா?"

"எலி கூட நோட்டுல எழுதாது. நீங்க எழுதணும்."

ஆஸ்பத்திரி அலமாரியில் ஐந்து பிரதி இருந்த புத்தகம் ஒன்றே ஒன்றுதான். யாரோ தானம் கொடுத்த நாவல், அட்டை கிழிந்து காக்கித்தாள் போட்டிருந்தது. கலங்கரை விளக்கக் காவலாளி ஒருவரின் மனைவி வீட்டைவிட்டுப் போகிறாள், ஒன்பது வருஷம் கழித்துத் திரும்பி வருகிறாள். அவ்வளவுதான் கதை. வாரம் பத்துப் பக்கம். படித்ததும் மூன்று வரி நோட்டில் எழுத வேண்டும்: யார் வந்தார், என்ன செய்தார், அதைப் பற்றி நீ என்ன நினைக்கிறாய். அடுத்த சனிக்கிழமை நோட்டைத் திறக்காமல் எங்களில் யாருக்கும் கதை நினைவுக்கு வராது. "நம்ம ஆஸ்பத்திரியில இத்தனை நாளா யாருக்கும் இது தோணல பாருங்க" என்று டீச்சர் பெருமைப்பட்டார். ஆலோசகர் அம்மா புன்னகைத்தார்.

கூட்டத்தில் நிலையாக வந்தவர்கள் நால்வர். டீச்சர், நான், பஸ் டிரைவர், மேனேஜர். டிரைவருக்கு வலிப்பு வந்துவிடும் என்று லைசென்ஸைப் பிடுங்கிவிட்டார்கள். நடந்து போகும்போதுகூட வளைவில் கையை நீட்டி இல்லாத ஸ்டியரிங்கைத் திருப்புவார். மேனேஜர் பெரிய வங்கியில் இருந்தவர். மனிதன் பொய்யை எந்த இடத்தில் சேமித்து வைக்கிறானோ, மூளையில் அந்த இடத்தைச் சுரண்டி எடுத்துவிட்டார்கள் என்று நினைக்கிறேன். மனதில் பட்டது அப்படியே வாயில் வந்துவிடும். அவர் மனைவி முதல் நாள் எங்களிடம் முன்கூட்டியே மன்னிப்புக் கேட்டுக்கொண்டு போனார்.

சொன்னால் நம்பமாட்டீர்கள், டீச்சர் எங்கள் கண்ணில் விரலைவிட்டு ஆட்டினார். படிக்காமல் வந்த அன்று நான் தலைவலி என்று சொல்லிப் பார்த்தேன். மற்ற இடத்தில் அந்த வார்த்தைக்கு எனக்கு ஆம்புலன்ஸ் வரும். டீச்சர், "மாத்திரை போட்டுட்டுப் படிங்க" என்றார். இரண்டு வருஷத்துக்குப் பிறகு என்னை ஒருவர் திட்டினார். வீட்டுக்குப் போய் மனைவியிடம் சந்தோஷமாகச் சொன்னேன்.

சங்கத்தின் ஆண்டு விழா வந்தது. டீச்சர் ஆலோசகர் அம்மாவை விடாப்பிடியாக நச்சரித்துத் தாளாளரையே சிறப்பு விருந்தினராக அழைக்க வைத்தார். மேடையில் எங்கள் புத்தகக் கூட்டம் நடக்க வேண்டும், அதை அவர் பார்க்க வேண்டும், பார்த்தபின் எட்டாம் வகுப்பைக் கொடுக்காமல் இருக்க முடியாது. இதுதான் திட்டம். டீச்சர் முந்தின வாரம் சரியாகச் சாப்பிடவில்லை என்று அவர் தங்கை சொன்னாள்.

தாளாளர் மைக் கிடைத்ததும் உருகிவிட்டார். "இந்தப் போராளிகளுக்கு எங்க பள்ளிக்கூடம் எப்பவும் துணை நிக்கும். நீங்க என்ன வேணும்னாலும் கேளுங்க, நான் செய்யறேன்" என்றார். நாற்பது பேர் கைதட்டினார்கள். எங்கள் கூட்டமும் நன்றாகவே தொடங்கியது. அந்த மனைவி திரும்பி வந்தது சரியா தப்பா என்று டிரைவரும் நானும் காரசாரமாக மோதிக்கொண்டோம்.

அப்போதுதான் ஆலோசகர் அம்மா ஆசையாகத் தயாரித்து வைத்திருந்ததைத் திரையில் போட்டார். "நம்ம போராளிகள், போன வருஷமும் இந்த வருஷமும்!" போன வருஷப் படத்தில் நாங்கள் நால்வரும் மொட்டைத் தலையும் கட்டுமாக வரிசையாக உட்கார்ந்திருந்தோம். ஆளுக்கொரு புத்தகம் கையில். அப்போது அட்டை கிழியவில்லை. கலங்கரை விளக்கம் பளிச்சென்று தெரிந்தது.

அதே புத்தகம். போன வருஷமே ஆறு வாரம் படித்துப் பேசி முடித்திருக்கிறோம். நால்வரில் ஒருவருக்கும் நினைவில்லை.

"உங்க மனசு கஷ்டப்படுமேன்னு நான் சொல்லலம்மா" என்று ஆலோசகர் அம்மா டீச்சரிடம் கிசுகிசுத்தார், மைக்கை அணைக்காமல். தாளாளர் பக்கத்திலிருந்தவரிடம் திரும்பி, "பாவம்" என்றார். டீச்சருடைய முகம் வெளுத்துவிட்டது. எனக்கு அவமானத்தில் காது சுட்டது. அவருக்காகத்தான். இருபத்திரண்டு வருஷ உத்தியோகம் எங்கள் மறதியால் போகிறதே.

டீச்சர் சிறிது நேரம் திரையையே பார்த்தார். பிறகு ஆலோசகர் அம்மாவிடம், "அந்த வருஷமும் நோட்டு எழுதினோமா?" என்று கேட்டார். எழுதியிருந்தோம். ஆராய்ச்சிக்கு என்று அவற்றை அலமாரியில் பூட்டி வைத்திருந்தார்கள். எந்த ஆராய்ச்சியும் அவற்றைத் திறந்ததாகத் தெரியவில்லை. எடுத்துவரச் சொன்னார் டீச்சர்.

"டிரைவர் அண்ணே, போன வருஷம் என்ன எழுதியிருக்கீங்க? சத்தமா படிங்க."

டிரைவர் எழுத்துக் கூட்டிப் படித்தார். "அவள் போனது துரோகம். மன்னிக்கக் கூடாது."

"இந்த வருஷம்?"

"போனது சரி. நானாக இருந்தாலும் போயிருப்பேன்."

"கதை மாறல. ஒரு எழுத்துகூட மாறல. என்ன மாறிச்சு?"

டிரைவர் நோட்டைப் பார்த்தபடியே இருந்தார். "போன வருஷம் எனக்கு லைசென்ஸ் போன சமயம் டீச்சர். வீட்டுல சும்மா உக்காந்திருந்தேன். என் சம்சாரம் என்னைய விட்டுட்டுப் போயிடுவாளோன்னு தினம் பயம். அவ போகல. இப்போ அந்தப் பயம் இல்ல. அதனால போனவளத் திட்டறதுக்கு எனக்கு மனசு வரல."

முன்வரிசையில் அவர் மனைவி உட்கார்ந்திருந்தாள். இதை அவள் அன்றுதான் முதல் முறை கேட்கிறாள் என்பது அவள் முகத்தைப் பார்த்தால் தெரிந்தது.

டீச்சர் விடவில்லை, அடுத்து என்னைப் பிடித்தார். நான் இரண்டு வருஷமும் காவலாளியின் தாடியைப் பற்றி மட்டுமே எழுதியிருந்தேன். மேனேஜருடைய நோட்டில் இரண்டு வருஷமும் ஒரே வார்த்தை: "அறுவை." அரங்கமே சிரித்தது. "நம்மள்ல மூளை தெளிவா இருக்கறது இவருக்குத்தான்" என்றார் டீச்சர். பலகையில் கோடு போட்டு, போன வருஷம் ஒரு பக்கம், இந்த வருஷம் ஒரு பக்கம் எழுதி, பார்வையாளர்களையும் கைதூக்க வைத்தார். நடுவில் கலங்கரை விளக்கம் என்ற சொல்லே ஓடிவிட்டது. "உயரமா நின்னு வெளிச்சம் காட்டுமே, அதுக்கு என்ன பேரு?" என்றார். நாற்பது பேரும் சேர்ந்து கத்தினார்கள். நாற்பது நிமிஷம் முடிந்தபோது யாரும் எழுந்திருக்கவில்லை.

தாளாளருக்குக் கண்ணீரே வந்துவிட்டது. கைக்குட்டையால் ஒற்றிக்கொண்டு மைக்கைப் பிடித்தார். "என்ன ஒரு மகத்தான சேவை! டீச்சர் இருக்க வேண்டிய இடம் இதுதான். இவங்கள இங்கேருந்து பிரிக்க எனக்கு மனசே வரல. இங்கேயே தொடரட்டும்."

எல்லோரும் கைதட்டினார்கள். எனக்கு அந்தக் கைகளை எல்லாம் பிடித்து நிறுத்த வேண்டும்போல் இருந்தது. நன்றாக நடத்தியதே வினையாகிவிட்டது. உதவாக்கரையாக நடத்தியிருந்தால் நூலகம், பிரமாதமாக நடத்தியதால் ஆஸ்பத்திரி. எட்டாம் வகுப்பு எந்தப் பக்கத்திலும் இல்லை.

மேனேஜர் எழுந்தார். அவர் மனைவி அவசரமாகச் சட்டையைப் பிடித்து இழுத்தாள். பிரயோஜனமில்லை.

"அழுதது போதும் சார். அந்தம்மாவுக்கு கிளாஸ் குடுப்பீங்களா மாட்டீங்களா? அதச் சொல்லுங்க."

"அதுக்கில்ல... பெற்றோர்கள் என்ன நினைப்பாங்கன்னு... இவங்களுக்கு மறதி வேற..." என்று இழுத்தார் தாளாளர்.

டீச்சர் நிதானமாக அவர் பக்கம் திரும்பினார். "சார், ஒரே ஒரு கேள்வி. விழாவுக்கு வர்றதுக்கு முன்னாடி படிக்கச் சொல்லி இந்தப் புத்தகத்த உங்களுக்கு அனுப்பினோமே. அவ திரும்பி வந்தது சரியா?"

"ஆஹா, அற்புதமான புத்தகம்! அந்த... தாயுள்ளம்! குழந்தைகளுக்காக அவ படற பாடு..."

"அவளுக்குக் குழந்தையே கிடையாது சார்."

பாடம் படிக்காத பையனின் முகத்தை இருபத்திரண்டு வருஷம் பார்த்த கண் அது. "இவங்க படிச்சாங்க, மறந்துட்டாங்க. நீங்க படிக்கவே இல்ல. என் கிளாஸ்ல ரெண்டும் ஒண்ணு கிடையாது" என்றார் டீச்சர். "என்ன வேணும்னாலும் கேளுங்கன்னு இதே மைக்குல சொன்னீங்க. எட்டாம் வகுப்பு பி பிரிவு. அது போதும்."

நாற்பது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆலோசகர் அம்மாவே முதல் ஆளாகக் கைதட்டினார். அதற்காக அவருடைய எல்லாப் பேட்ஜுகளையும் மன்னித்துவிட்டேன். தாளாளர் வேறு வழியில்லாமல் தலையை ஆட்டினார்.

அடுத்த வாரமே டீச்சர் பி பிரிவுக்குப் போய்விட்டார். சனிக்கிழமை நாங்கள் காத்திருந்தோம். வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. மூன்றாவது வாரம் டிரைவர், "மறந்திருப்பாங்க, நம்ம ஆளுதான?" என்றார். எங்கள் கூட்டத்தில் மறந்துபோச்சு என்று ஒருவர் சொன்னால் அதோடு முடிந்தது. யாரும் மேலே கேட்பதில்லை.

எனக்கு மனம் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் பள்ளிக்கூட வாசலில் போய் நின்றேன். டீச்சர் விடைத்தாள் கட்டோடு வந்தார். சுண்ணாம்புத் தூள் படிந்த கை. இரண்டு சுற்று இளைத்திருந்தாலும் நடையில் அதிகாரம் இருந்தது.

"சனிக்கிழமை மறந்துட்டீங்க போல" என்று நானே அவருக்கு வழியும் எடுத்துக்கொடுத்தேன்.

"மறக்கல அண்ணே. வேணும்னுதான் வரல."

விடைத்தாள் கட்டை மறு கைக்கு மாற்றிக்கொண்டார்.

"அந்த ரூமுக்குள்ள வந்தா நான் பிழைச்சவ. இங்க வெறும் டீச்சர். வெறும் டீச்சரா இருக்கறதுக்கு எனக்கு அவ்வளவு ஆசையா இருக்கு. உங்களை எல்லாம் வச்சுதான் இங்க வந்தேன், தெரியும். நன்றி கெட்டவன்னு நினைச்சுக்குங்க. ஆனா வரமாட்டேன்."

கோபம் வந்தது. பொறாமையும் வந்தது, அதை மறைப்பானேன். என் கத்தரிக்கோல் எனக்குத் திரும்பக் கிடைத்திருந்தால் நானும் அந்த அறைப் பக்கம் தலைவைத்துப் படுத்திருக்க மாட்டேன். "நல்லா இருங்க டீச்சர்" என்று மட்டும் சொன்னேன். பஸ்ஸில் அழுதேன்.

மறுநாள் பத்து மணிக்கு மேனேஜர் காலி நாற்காலியைக் காட்டி, "டீச்சர் எங்க? இன்னைக்கும் மறந்துட்டாங்களா?" என்றார்.

"இல்ல சார்," என்றேன். "குணமாயிட்டாங்க."

வாயில் வந்ததைச் சொல்லாமல் விடாத மனிதர் அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை.